மருத்துவமனை விரிவாக்கம்: குடியிருப்புத் தெருக்களில் நெரிசலைக் குறைக்க எதை வலியுறுத்தலாம்?

கேள்வி

எங்கள் தெருமுனையில் உள்ள மருத்துவமனை, புதிய புறநோயாளிகள் பிரிவையும் கூடுதல் படுக்கைகளையும் கட்டத் திட்டமிட்டிருக்கிறது. மருத்துவமனை வளர்வதில் எங்களுக்கு மறுப்பில்லை. நள்ளிரவில் என் தந்தைக்கு மூச்சுத் திணறியபோது ஐந்தே நிமிடத்தில் அங்கே கொண்டுசேர்க்க முடிந்ததை நான் மறக்கவில்லை. ஆனால் இப்போதே பிற்பகல் மூன்று மணி நெருங்கினால் கார்கள் எங்கள் வாசலை அடைத்து நிற்கின்றன. சென்ற வாரம் சைரன் ஒலிக்க வந்த ஓர் ஆம்புலன்ஸ், இருபுறமும் நின்ற வண்டிகளுக்கு நடுவே, பக்கக் கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. நிர்வாகம் காட்டிய அறிக்கை, ஒரு நாளைக்கு எத்தனை வாகனங்கள் கூடும் என்பதை மட்டும் சொல்லி, பல அடுக்கு வாகன நிறுத்தம் கட்டினால் போதும் என்று முடிகிறது. நாங்கள் எழுத்து மூலம் எதை வலியுறுத்துவது பயன் தரும்?

பதில் 1 (போக்குவரத்துத் திட்டமிடலில் பணிபுரிபவர்)

நாள் கணக்கை ஏற்காதீர்கள். தெருவை அடைப்பது நாள் முழுவதும் வரும் வண்டிகள் அல்ல, ஒரே அரைமணி நேரத்தில் வந்து சேரும் வண்டிகள்தான். பணிமுறை மாறும் வேளையில், வேலையை ஒப்படைப்பவரின் வண்டி இன்னும் வெளியேறியிருக்காது, பொறுப்பேற்பவரின் வண்டியோ அதற்குள் வந்திருக்கும். பிற்பகல் புறநோயாளிகளும் பார்வையாளர்களும் அதே நேரத்தில் சேர்ந்தால் நிறுத்துமிடம் நிரம்பி, மிச்சம் உங்கள் தெருவுக்கு வருகிறது. எனவே விடுமுறை இல்லாத சாதாரண வேலை நாள்களில், 15 நிமிட இடைவெளிகளில், பக்கத் தெருச் சந்திப்புகளையும் சேர்த்து எடுத்த கணக்கைக் கேளுங்கள்.

அடுத்தது நுழைவாயில். வரைபடத்தில் தானியங்கித் தடுப்பு எங்கே வரையப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். சீட்டு எடுத்து உள்ளே போக ஒரு காருக்கு 15 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு தடத்தில் மணிக்கு 240 கார்கள்தான் நுழைய முடியும். 300 கார்கள் வந்தால் அந்த மணியின் முடிவில் 60 கார்கள் வெளியே காத்திருக்கும். காருக்கு 7 மீட்டர் என்றாலும் வரிசை 420 மீட்டர் நீளும். உள்ளே எத்தனை அடுக்குகள் கட்டியிருந்தாலும் இந்த வரிசை குறையாது. தடுப்பை வளாகத்துக்குள் நன்கு தள்ளி வைப்பதும், இரண்டாவது தடம் அமைப்பதும், ஆம்புலன்ஸுக்குத் தனி வாயில் ஒதுக்குவதும் வரைபடக் கட்டத்தில் எளிது, கட்டி முடித்தபின் மிகக் கடினம்.

பதில் 2 (செவிலியர்)

ஊழியர்கள் பக்கத்திலிருந்தும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். எங்களுக்கு வாகன நிறுத்தத்துக்கு மாதச் சீட்டு கொடுத்தால், பணம் முன்பே போய்விட்டதால் தினமும் காரிலேயே வருவோம். நாள் கட்டணமாக வாங்கி, பேருந்திலோ சிலர் சேர்ந்து ஒரே காரிலோ வருபவருக்கு அந்தத் தொகையைச் சலுகையாகத் தந்தால், ஒவ்வொரு காலையும் யோசிப்போம். ஆனால் இரவுப் பணிக்கு வருபவர்களையும் விடியலில் வீடு திரும்புபவர்களையும் இதில் சேர்த்துவிடாதீர்கள். அவர்களுக்குப் பேருந்து கிடைக்காது. வெளிச்சமுள்ள, வாயிலுக்கு அருகிலான இடம் அவர்களுக்கு அவசியம். மேலும், புறநோயாளிகள் அனைவரையும் ஒரே நேரத்துக்கு வரச்சொல்லிக் காக்க வைக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, முன்பதிவு நேரங்களைப் பணிமாற்ற வேளையிலிருந்து விலக்கி அமைத்தாலே, ஒரு செங்கல்கூட வைக்காமல் நெரிசல் கணிசமாகக் குறையும் என்பது என் அனுபவம்.

பதில் 3

கட்டுமானக் காலத்தை மறந்துவிடாதீர்கள். அது ஆண்டுக்கணக்கில் நீளக்கூடியது. லாரிகள் எந்தச் சாலை வழியே, எந்த மணிகளில் வரும், தொழிலாளர்களின் வண்டிகள் எங்கே நிற்கும் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். கான்கிரீட் கொட்டத் தொடங்கினால் பாதியில் நிறுத்த இயலாது, கலவை லாரிகள் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும்; அவை காத்திருக்க வளாகத்துக்குள் இடம் கேளுங்கள், அந்த நாள்களைப் பற்றி முன்னறிவிப்பும் கேளுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. எங்களில் சிலர் தெருவில் வேகத்தடைகள் வேண்டும் என்கிறார்கள். ஆம்புலன்ஸ் செல்லும் வழியில் அது சரியாகுமா?

பதில் 1

முழு அகல மேடு ஆம்புலன்ஸைத் தாமதப்படுத்தும், உள்ளே இருக்கும் நோயாளியையும் வருத்தும். அந்த வழியில், இடைவெளி விட்டு அமைக்கும் குறுகிய மேடுகளைக் கேளுங்கள். அகன்ற சக்கர இடைவெளியுள்ள பெரிய வண்டி அவற்றின் இருபுறமும் சமதளத்திலேயே கடந்துவிடும், சிறிய கார்கள் மெதுவாகத்தான் ஏற வேண்டும். வேகத்தைக் குறைப்பதன் பலன் பெரிது: மணிக்கு 50 கிலோமீட்டரில் செல்லும் கார் 30க்குக் குறைந்தால், அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும். குடியிருப்போருக்கான நிறுத்த அனுமதிச் சீட்டையும் கேளுங்கள். ஆனால் மாலையிலும் கண்காணிப்பு இல்லையென்றால் அது பலகையோடு நின்றுவிடும்.

எல்லாவற்றையும்விட, இவை நிர்வாகத்தின் வாக்குறுதிகளாக இல்லாமல், கட்டட அனுமதியின் நிபந்தனைகளாக இடம்பெற வேண்டும். உச்ச நேரத்தில் உள்ளே வரும் வாகனங்களுக்கு ஓர் உச்சவரம்பு, ஆண்டுதோறும் வெளியாள் ஒருவர் எடுக்கும் கணக்கு, வரம்பு மீறினால் அடுத்த கட்டக் கட்டுமானத்துக்கு அனுமதி நிறுத்தம் என மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். ஆம்புலன்ஸ் சிக்கிய நாளையும் நேரத்தையும், படம் இருந்தால் படத்தையும், மனுவின் முதல் பக்கத்திலேயே வையுங்கள்.