ஆற்றில் வண்டல் குறைவது சரிவில் செய்யும் வேலையாலா, அணைகளாலா?

செம்மண்:
சீனாவின் மஞ்சள் ஆற்றைப் பாருங்கள். 1919 முதல் 1959 வரை டோங்குவான் அளவீட்டு நிலையத்தைக் கடந்த வண்டல் ஆண்டுக்குச் சராசரியாக 160 கோடி டன். 2000-க்குப் பிறகு அது 30 கோடி டன் அளவுக்கு இறங்கிவிட்டது. அந்த ஆற்றுக்குப் பெரும்பகுதி வண்டலைத் தரும் லோயஸ் பீடபூமியில் சரிவுகளைப் படிவயலாக வெட்டினார்கள், ஓடைகளில் தடுப்பணை கட்டினார்கள், 1999 முதல் செங்குத்தான நிலங்களில் உழவை நிறுத்திப் புல்லும் மரமும் வளர்த்தார்கள். மண்ணை அது இருக்கும் இடத்திலேயே பிடித்து வைத்தால் ஆறு தெளியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா?

ஆழ்நீர்:
அந்த ஆற்றில்தானே சான்மென்சியா, சியாவ்லாங்தி அணைகள் இருக்கின்றன? 1960-இல் நீர் தேக்கத் தொடங்கிய சான்மென்சியா சில ஆண்டுகளிலேயே தூர்ந்துபோய், வண்டலை வெளியேற்ற அணையையே மாற்றிக் கட்ட வேண்டி வந்தது. அவ்வளவு வண்டலை விழுங்கிய அணைகளை விட்டுவிட்டு, பெருமையை வரப்புக்கும் புல்லுக்கும் கொடுப்பது நியாயமில்லை.

செம்மண்:
நண்பரே, டோங்குவான் அந்த இரண்டு அணைகளுக்கும் மேலே இருக்கிறது. கீழே உள்ள அணை, மேலே கடந்து போகும் வண்டலை எப்படிக் குறைக்கும்? இன்னும் மேலே லியுஜியாசியா, லோங்யாங்சியா அணைகள் உண்டு. ஆனால் வண்டலில் பெரும்பகுதி அவற்றுக்குக் கீழே, நடு ஆற்றுப் பகுதியின் ஓடைகளிலிருந்துதான் வருகிறது. 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 1970-களிலிருந்து 1990-கள் வரை படிவயல், தடுப்பணை, நீர்த்தேக்கம் ஆகியவையே முதன்மைக் காரணம் என்கிறது. 1990-களுக்குப் பின் தாவரப் போர்வையும் மண் அரிப்பைக் குறைத்திருக்கிறது.

ஆழ்நீர்:
டோங்குவான் கணக்கை ஏற்கிறேன். அதை எல்லா ஆறுகளுக்கும் நீட்டாதீர்கள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் கூன் க்ரீக் என்றொரு சிற்றாறு. 1933-இல் அந்நாட்டின் முதல் நீர்ப்பிடிப்பு மண் பாதுகாப்புத் திட்டம் அங்கேதான் தொடங்கியது. வயல்களில் அரிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் 1853 முதல் 1993 வரையிலான வண்டல் வரவு செலவைப் புவியியலாளர் ஸ்டான்லி டிரிம்பிள் கணக்கிட்டபோது, மிசிசிப்பிக்குப் போன வண்டல் ஏறக்குறைய மாறாமலே இருந்தது. அரிப்பு உச்சத்தில் இருந்தபோது வந்த மண்ணில் பெரும்பகுதி பள்ளத்தாக்கிலேயே தங்கியிருந்தது. அப்படித் தங்கிய பழைய மண்ணும் ஆற்றுக்கு வரும். சரிவில் இன்று செய்த வேலை கழிமுகத்தில் நாளையே தெரியாது.

மேட்டுநிலம்:
இரண்டு இடங்களின் நில அமைப்பும் வேறு. லோயஸ் என்பது காற்று கொண்டுவந்து குவித்த மெல்லிய தூசி மண். ஓடைகள் செங்குத்தானவை, வழியில் தங்க அகலமான சமவெளி இல்லை. அரிக்கப்பட்டதில் பெரும்பகுதி நேராக ஆற்றுக்குப் போகும், அதனால் தடுத்தால் பலனும் சீக்கிரம் தெரியும். கூன் க்ரீக்கில் வழியிலேயே தங்க இடம் இருந்தது.

என் கவலை தடுப்பணைகளின் ஆயுள் பற்றியது. மண் நிரம்பிய தடுப்பணை புதிதாக வருவதைப் பிடிக்காது. 1977 பெருமழையில் லோயஸ் பீடபூமியின் யான்ஆன் பகுதியில் பல உடைந்தன. உடைந்தால் பல ஆண்டு சேர்த்த மண் ஒரே வெள்ளத்தில் இறங்கிவிடும்.

செம்மண்:
நிரம்பினாலும் அதன் வேலை முடிவதில்லை. ஓடையின் அடி உயர்ந்துவிடுவதால் பள்ளம் மேலும் தோண்டிக்கொண்டு போகாது, பக்கச் சுவர்கள் சரிவதும் குறையும். நிரம்பிய இடம் நல்ல சமவயல், அங்கே பயிர் செய்கிறார்கள். ஆனால் மேலே சரிவைக் கவனிக்காமல் ஓடையில் மட்டும் அணை கட்டினால் உடையத்தான் செய்யும். படிவயலும் புல்லும் வெள்ளத்தின் வேகத்தை முதலில் உடைக்க வேண்டும். அப்புறம்தான் தடுப்பணை.

ஆழ்நீர்:
சரி, ஆனால் கடற்கரையை யாரும் பேசவில்லை. வண்டல் குறைந்ததும் மஞ்சள் ஆற்றுக் கழிமுகத்தின் சில பகுதிகளைக் கடல் அரிக்கிறது. மரம் நட்டால் நீரும் செலவாகிறது, ஆற்றுக்கு வரும் ஓட்டம் குறைகிறது. 1997-இல் கீழ்ப்பகுதி 226 நாள் வறண்டு கிடந்த ஆறு இது. பாசனத்துக்கு எடுத்ததுதான் அப்போது பெரிய காரணம் என்றாலும், எல்லாச் சரிவையும் காடாக்கு என்று சொல்லும் முன் தண்ணீர்க் கணக்கும் போட வேண்டும்.

செம்மண்:
தண்ணீர்க் கணக்கு வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். வறண்ட சரிவுக்கு மரத்தைவிடப் புல்லே பொருத்தம். ஆனால் கழிமுகத்துக்கு வண்டல் வேண்டும் என்பதற்காக உழவரின் மேல்மண்ணை ஆற்றில் விடச் சொல்லாதீர்கள். அணையில் தங்கிய வண்டலை அனுப்புங்கள். 2002 முதல் சியாவ்லாங்தியில் நீரைத் திட்டமிட்டுத் திறந்து அதைத்தான் செய்துவருகிறார்கள்.