புதுச்சேரியில் ஒரு நாள்: பாரதி வீடு, குயில்தோப்பு பார்க்க யோசனை தேவை

வரும் ஞாயிறு அப்பாவுடன் புதுச்சேரி போகிறேன், இரவு பஸ்ஸில் திரும்ப வேண்டும். 1908 முதல் 1918 வரை பாரதி வாழ்ந்த ஊராச்சே! ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் வீடும், பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வீடும் கட்டாயம். கடற்கரை, பிரெஞ்சுத் தெருக்கள் எல்லாம் நேரமிருந்தால்தான்.

இரண்டு வீடுகளும் ஞாயிறு திறந்திருக்குமா? மதியம் பூட்டுவார்களா? அப்பாவுக்கு முட்டிவலி, செங்குத்தான மாடிப்படி என்றால் திண்டாட்டம். அப்புறம், கருவடிக்குப்பம் சித்தானந்த சாமி கோயில் பக்கம் பாரதியின் ‘குயில் பாட்டு’க்குக் களமான குயில்தோப்பில் இப்போது மரங்கள் ஏதும் மிஞ்சியிருக்கிறதா? அதைப் பார்க்கத்தான் அப்பா துடிக்கிறார். பிரெஞ்சுக்காரர் காலத்தில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகைக்குள் விடுவார்களா, முன் அனுமதி வாங்கணுமா?

பாரதி வீட்டிலிருந்து கருவடிக்குப்பத்துக்கு ஷேர் ஆட்டோ கிடைக்குமா? பக்கத்தில் நல்ல மீன் சாப்பாடு எங்கே என்றும் சொல்லுங்கள். சமீபத்தில் போய்வந்தவர்கள் சொன்னால் இன்னும் நல்லது.