சிவப்புப் பதாகைக்குப் பிறகு நாங்கள் ஆடிய கொள்ளைநோய்

ஈசூனிலிருந்து:

ஆளுக்கொரு பாத்திரமாகி, பேசியும் பகடை உருட்டியும் கதையை நகர்த்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் எங்கள் குழுவுக்குக் கதை நடத்துபவன் நான். சனிக்கிழமை மாலை, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை, ஐந்து பேர், 2014ஆம் ஆண்டு விதிகள். நோயை மேசைக்குக் கொண்டுவந்து ஒருமுறை கெடுத்தேன், ஒருமுறை சரியாகச் செய்தேன். இரண்டையும் சொல்கிறேன்.

கதையில், நகரத்துக்கு அடியில் ஓடும் சாக்கடையில் பெரிய எலி ஒன்று எங்கள் குழுவின் திருடன் பாத்திரத்தைக் கணுக்காலில் கடித்தது. சாக்கடைக் கொள்ளைநோய்க்கான விதிப்படி 20 முகப் பகடையை உருட்டி, உடல்வலுவுக்கான எண்ணையும் சேர்த்துக் குறைந்தது 11 எடுக்க வேண்டும். அவருக்கு வந்தது 7. “உனக்கு நோய் தொற்றிவிட்டது” என்று அங்கேயே சொல்லிவிட்டேன். சொன்ன மாத்திரத்தில் எங்கள் பாலடின், அதாவது தொட்டுக் குணப்படுத்தும் ஆற்றல் பெற்ற புனித வீரர், கையை நீட்டித் தொட்டார். குணப்படுத்தும் புள்ளிகளில் 5 கழிந்தது, நோயும் கழிந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிய பகுதி, தேநீர் ஆறுவதற்குள் முடிந்துபோனது.

விதியின்மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அறிகுறி தெரிய ஒன்று முதல் நான்கு நாள் ஆகும் என்று அதே விதியில் இருக்கிறது. அந்த நாட்களை நான்தான் தூக்கி எறிந்திருக்கிறேன்.

அதைப் புரியவைத்தது எனக்கு வந்த டெங்கி. எங்கள் புளோக்கின் அருகே சிவப்புப் பதாகை கட்டியிருந்தார்கள். சிங்கப்பூரில் ஒரு வட்டாரத்தில் 10 பேரோ அதற்கு மேலோ டெங்கியால் பாதிக்கப்பட்டால் கட்டும் பதாகை அது. தினமும் அதைக் கடந்துதான் வேலைக்குப் போனேன். எந்த நாளில் கொசு கடித்தது என்று இன்றுவரை தெரியாது. காய்ச்சல் ஐந்தாம் நாள் இறங்கியதும், பிழைத்தேன் என்று நினைத்தேன். பலதுறை மருந்தகத்து மருத்துவரோ, இனிமேல்தான் கவனம் வேண்டும் என்றார். டெங்கியில் காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் இரத்த நாளங்களிலிருந்து நீர் கசியக்கூடும், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையக்கூடும். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம் என்று எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். அன்றிரவு அம்மா என் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பழைய நாட்குறிப்பு ஒன்றில் கோடு போட்டு, நான் குடித்த ஒவ்வொரு குவளை நீரையும் மணியோடு எழுதினார். விடியும்போது அந்தப் பக்கத்தில் 11 வரிகள் இருந்தன.

அடுத்த முறை, எலி கடித்தபோது பகடையை மறைப்புக்குப் பின்னால் நானே உருட்டினேன். யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து, சந்தையில் பேரம் பேசிக்கொண்டிருந்த திருடனுக்குத் தசைப்பிடிப்பு வந்தது. முதல் சோர்வு நிலை. ஆறாவது நிலைக்குப் போனால் சாவு. இரவு முழுக்கத் தூங்கினாலும் உயிர்ப்புள்ளி ஒன்றுகூடத் திரும்பாது. பாலடின் அவரைத் தொட்டார், குணமானார். அதை நான் தடுக்கவில்லை. அது அந்தப் பாத்திரம் உழைத்துப் பெற்ற ஆற்றல். ஆனால் அந்த மூன்று நாளில் அதே சாக்கடையை ஒட்டிய தெருவில் 40 பேர் படுத்துவிட்டார்கள். ஆட்ட வளர்ச்சியில் மூன்றாம் படியில் இருந்த பாலடினுக்கு ஒரு நாளைக்கு 15 புள்ளிதான். ஆளுக்கு 5 என்றால் நாளுக்கு மூன்று பேர்.

மேசையில் பேச்சு நின்றது. யார் அந்த மூன்று பேர்? பாலடினாக ஆடிய நண்பர் நெடுநேரம் பகடையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்துவிட்டு, கிணற்றில் நீர் இறைத்துத் தருபவளை முதலில் தொட்டார். அவள் எழுந்தால் மற்றவர்களுக்குத் தண்ணீர் கிடைக்கும் என்றார். அன்று வாளை உருவியவர் யாருமில்லை. நான் சேர்த்த விதிகள் இரண்டே: நோயாளியின் அருகே ஒருவர் தன் ஓய்வை விட்டு விழித்திருந்தால், நோயாளி இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம், டெங்கியில் காய்ச்சல் இறங்கும் நாளைப் போல, சோர்வு முழுதாக நீங்கும் நாளில் கடைசியாக ஒருமுறை உருட்ட வேண்டும்.

தெம்பனிஸிலிருந்து:

அண்ணா, எங்கள் குழுவின் ஆட்டத்தில் கண் அழுகல் என்ற நோய் வந்தது. கெட்ட நீரைக் குடித்ததால் வில்லாளியான எனக்குக் குறிவைப்பில் 1 குறைந்தது. ஒவ்வொரு நீண்ட ஓய்வு, அதாவது இரவுத் தூக்கம், முடியும்போதும் இன்னும் 1 குறையும். 5 குறைந்தால் குருடு. எங்களிடம் குணப்படுத்தும் மந்திரம் தெரிந்தவர் யாரும் இல்லை. சதுப்பு நிலத்தில் பூக்கும் ஒரு பூவை அரைத்து, தூங்குமுன் மூன்று முறை பூசினால் தீரும் என்பது விதி. எங்கள் கதை நடத்துநர் அந்தப் பூவுக்கு நந்தியாவட்டை என்று பெயர் வைத்தார். என் பாட்டி கண்ணெரிச்சலுக்கு ஒற்றிக்கொண்ட பூ அது. நான்காவது நாள் அதைக் கண்டுபிடித்தபோது நான் அழுதுவிட்டேன்.

பழைய விதிகளில் நோயைத் தீர்த்த லெஸர் ரெஸ்டரேஷன் என்ற மந்திரம், புதிய 2024 விதிகளில் நோயைப் பற்றிப் பேசுவதில்லை. எங்களுக்கு அது இழப்புதான். நாங்கள் பழையதிலேயே இருக்கிறோம்.

தோ பாயோவிலிருந்து:

தம்பிகளே, ஒரு வேண்டுகோள். 2003இல் சார்ஸ் பரவியபோது நான் பள்ளி மாணவி, அம்மா தாதி. சிங்கப்பூரில் 238 பேருக்குத் தொற்று, 33 பேர் இறந்தார்கள். அந்த வாரங்களில் அம்மா தனி அறையில் படுத்தார். நான் தட்டை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்த பிறகுதான் கதவு திறக்கும். அந்தக் கதவுச் சத்தம் இன்னும் எனக்குள் இருக்கிறது. போன வருடம் முன்னறிவிப்பில்லாமல் எங்கள் மேசையில் கொள்ளைநோய் வந்தபோது நான் எழுந்து போய்விட்டேன். ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள்.

ஈசூனிலிருந்து:

அக்கா, நான் கேட்கவில்லை. எங்கள் ஐவரில் ஒருவருடைய அப்பா 2021இல் கொவிட்டால் இறந்தவர். அந்த நண்பர்தான் பாலடினாக ஆடியவர். இன்றிரவே அவருக்குத் தொலைபேசியில் பேசுகிறேன்.