தாருக்கு 33 அங்குல டயர், லிஃப்ட், வின்ச் பம்பர்: ஆர்.சி.யில் எழுதி வாங்க முடியுமா?

காட்டுத்தடம்:
வணக்கம்ங்க. வண்டி 2023 மஹிந்திரா தார் எல்.எக்ஸ்., டீசல், ஹார்டு டாப், 4x4. கம்பெனி டயர் 255/65 ஆர்18. தினமும் கோவை–பொள்ளாச்சி ரோட்டில் ஓடும், மாதம் ஒருமுறை தனியார் இடத்தில் இருக்கும் ஆஃப்ரோடு டிராக்குக்குப் போகும். செய்ய நினைப்பது: 33 அங்குல டயர், 2 அங்குல லிஃப்ட் (சஸ்பென்ஷனை உயர்த்துவது), வின்ச்சோடு (சிக்கிய வண்டியை இழுக்கும் மோட்டார் சுருள்) ஸ்டீல் பம்பர், கூரையில் எல்.இ.டி. பார். கடைக்காரர் "எல்லாத்தையும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதி வாங்கிக்கலாம்" என்கிறார். உண்மையா? பிடித்தால் அபராதத்தோடு முடிந்துவிடுமா, இன்சூரன்ஸும் அடிபடுமா?

பிரிவு52:
எல்லாவற்றையும் எழுதி வாங்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 சொல்வது இதுதான்: உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரத்துக்கும் ஆர்.சி. விவரத்துக்கும் வித்தியாசம் வரும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்தபோது இதையே உறுதியாகச் சொன்னது. அதற்கு முன்பு "மாற்றிவிட்டு அனுமதி வாங்கிக்கொள்ளலாம்" என்று சில மாநிலங்களில் இருந்த தளர்வு அதோடு போயிற்று. மாற்றம் பாதுகாப்பானதா, வேலை சுத்தமா என்பதெல்லாம் இங்கே அளவுகோல் இல்லை. உற்பத்தியாளர் கொடுத்த அளவில் இருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி.

ஆர்.டி.ஓ. அனுமதியோடு செய்யக்கூடியவை: நிறம் மாற்றுவது, அங்கீகரித்த கிட் மூலம் எரிபொருள் மாற்றம், அதே தயாரிப்பு அதே வகை இன்ஜின், மாற்றுத்திறனாளிக்கு ஏற்ற வடிவமைப்பு. உங்கள் பட்டியலில் உள்ள எதுவும் இதற்குள் வராது. டயருக்கு "விட்டம் 3 சதவீதம் வரை மாறினால் பரவாயில்லை" என்று கடைகளில் சொல்வார்கள். அது ஸ்பீடோமீட்டர் பிழைக்கான நடைமுறைக் கணக்கு, பிரிவு 52 தரும் விலக்கு அல்ல.

அபராதம்: 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ(4)படி, உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்பதைக் கவனியுங்கள். டயர், லிஃப்ட், பம்பர் மூன்றையும் தனித்தனியாகவே எண்ண முடியும். சத்தமான சைலன்சர் போட்டால் அது வேறு கணக்கு. பிரிவு 190(2)படி முதல் முறையே 10,000 ரூபாய் வரை போகும். 2022ல் ஸ்ரீநகரில் ஒரு தார் உரிமையாளருக்கு நீதிமன்றம் 6 மாதச் சிறை விதித்து, நன்னடத்தைப் பிணையில் விடுவித்தது. ஆகவே "500 ரூபாயோடு போகும்" என்ற நினைப்பில் செலவு செய்யாதீர்கள்.

இன்னொன்று. "டிராக்கில் மட்டும்தானே ஓட்டுகிறேன்" என்ற வாதமும் நிற்காது. பிரிவு 52 "மாற்றக் கூடாது" என்கிறது. "ரோட்டில் ஓட்டக் கூடாது" என்று மட்டும் சொல்லவில்லை. ஆர்.சி. உள்ள வண்டி டிரெய்லரில் போனாலும் அது அதே வண்டிதான்.

இன்சூரன்ஸ்: எது பொருத்தினாலும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் எண்டார்ஸ்மென்ட் (மாற்றத்தைப் பதிந்த குறிப்பு) வாங்குங்கள். சொல்லாமல் விட்டால் சொந்தச் சேதக் கிளைமை மறுக்க அதுவே காரணமாகும். ஆனால் எண்டார்ஸ்மென்ட் கிடைத்துவிட்டதால் மாற்றம் சட்டப்படி ஆகிவிடாது. பலர் குழப்பிக்கொள்ளும் இடம் இது.

டார்க்ரென்ச்:
சட்டத்தை மேலே தெளிவாகச் சொல்லிவிட்டார். வண்டிக்கு என்ன ஆகும் என்று நான் சொல்கிறேன், ஏனென்றால் அந்த விதி வெறும் காகிதத்துக்காக இல்லை.

255/65 ஆர்18 டயரின் விட்டம் சுமார் 789 மி.மீ. "33" என்று விற்கும் 285/70 ஆர்17 சுமார் 831 மி.மீ. வித்தியாசம் 5.3 சதவீதம். அதாவது பழைய டயரில் மீட்டர் 80 காட்டிய இடத்தில், இப்போது அதே 80க்கு வண்டி சுமார் 84ல் போகும். ஓடோமீட்டரும் அதே அளவு குறைத்துக் காட்டும், எனவே மீட்டர் காட்டும் கணக்கில் சற்றுச் சீக்கிரமே ஆயில் மாற்றுங்கள். பிரேக் அதேதான், ஆனால் சக்கரத்தின் ஆரம் 21 மி.மீ. கூடிவிட்டது, ஒரே மிதிக்கு ரோட்டில் கிடைக்கும் பிரேக் விசை அதே 5 சதவீதம் குறையும். டயரின் கூடுதல் எடை அதற்கு மேல். கீழிறக்கத்தில் பிரேக் சூடாவது இதனால்தான்.

ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது டயர் உரசும் என்று, சக்கரத்தை வெளியே தள்ளும் ஆஃப்செட் குறைந்த ரிம்மோ ஸ்பேசரோ (இடைத்தட்டு) போடுவார்கள். சக்கரம் வெளியே தள்ளும், வீல் பேரிங்கில் சுமை கூடும், பள்ளத்தில் ஸ்டியரிங் கையை உதறும், மட்கார்டுக்கு வெளியே நிற்கும் டயர் பின்னால் வருபவர் கண்ணாடியில் கல்லடிக்கும்.

லிஃப்ட்: 2020க்குப் பிறகு வந்த தாரில் முன்பக்கம் டபுள் விஷ்போன் (சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு கைகள் தாங்கும் சஸ்பென்ஷன்). உயர்த்த ஸ்பிரிங்கில் வைக்கும் ஸ்பேசரின் கனமும் வண்டி உயரும் அளவும் ஒன்றல்ல. விஷ்போனின் நெம்பு விகிதத்தால் சின்ன ஸ்பேசரே நிறையத் தூக்கும். சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் சி.வி. ஜாயின்ட்டின் கோணம் கூடி, அதன் ரப்பர் உறை (பூட்) கிழியும். சக்கரம் முழுக்கத் தொங்கும் நிலையில் மேல் பால் ஜாயின்ட் எல்லையைத் தொடும். பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். வயரும் இழுபடுகின்றனவா என்று ஜாக்கி வைத்து, சக்கரத்தைத் தொங்கவிட்டுத்தான் பார்க்க வேண்டும். தரையில் நிறுத்திப் பார்த்தால் தெரியாது.

ஹெட்லைட்டை யாரும் கவனிப்பதில்லை. வீல்பேஸ் 2450 மி.மீ. பின்பக்கத்தைவிட முன்பக்கம் 25 மி.மீ. கூடுதலாக உயர்ந்தாலே வெளிச்சம் 1 சதவீதம் மேலே தூக்கும். 10 மீட்டர் தூரத்தில் 10 செ.மீ. லோ பீமுக்கு வைத்திருக்கும் சாய்வே கிட்டத்தட்ட அவ்வளவுதான். எதிரே வருபவருக்கு உங்கள் லோ பீம் ஹை பீம் மாதிரி இருக்கும்.

காட்டுத்தடம்:
ரொம்ப நன்றிங்க. லைட்டுக்கும் வின்ச்சுக்கும் என்ன வழி? லைட் பாருக்கு உறை போட்டுக்கொண்டு ஓட்டினால் போதுமா?

பிரிவு52:
மத்திய மோட்டார் வாகன விதி 111 முன்பக்கத்தில் ஸ்பாட் லைட், சர்ச் லைட் பொருத்தவே தடை சொல்கிறது. விதிவிலக்கான நேரத்தில், ஆர்.டி.ஓ.வின் முன் அனுமதியோடு மட்டும் இடமுண்டு. எரிகிறதா, மூடியிருக்கிறதா என்று விதி பார்ப்பதில்லை. உறை உதவாது.

ஸ்டீல் பம்பர், கிராஷ் கார்டு பற்றி 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதி, பிரிவு 52ன் கீழ் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. காரணம் நியாயமானது. முன்னால் நசுங்க வேண்டிய பகுதி நசுங்காமல் அதிர்ச்சி நேராகச் சேஸிஸுக்குப் போகும், ஏர்பேக் சென்சாரின் கணக்கு மாறும், நடந்து போகிறவர் மேல் பட்டால் சொல்லவே வேண்டாம்.

டார்க்ரென்ச்:
லைட் பார் டிராக்குக்கு மட்டும் என்றால் வாட்டர்புரூஃப் கனெக்டர் வைத்து, அங்கே போய் மாட்டி, கிளம்பும்போது கழற்றுங்கள். 120 வாட் பார் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். 15 ஆம்பியர் ஃபியூஸ், 2.5 சதுர மி.மீ. வயர், தனி ரிலே. ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். கூரைப் பக்கம் வைத்தால் நடுவில் வயர் உராய்ந்து ஷார்ட் ஆகும்போது காப்பாற்ற ஒன்றும் இருக்காது. ஹெட்லைட் வயரிலிருந்து மின்சாரம் எடுப்பதை அறவே தவிருங்கள்.

மாதம் ஒருமுறை டிராக்குக்கு வின்ச் தேவையில்லை. பம்பருக்குப் பின்னால் மறைத்து வைத்தாலும் முன் ஆக்சிலில் 35–40 கிலோ ஏறும். கைனெடிக் கயிறு (இழுபடும் மீட்புக் கயிறு), இரண்டு சாஃப்ட் ஷாக்கிள் (கயிற்றாலான இணைப்பு வளையம்), ஒரு ஜோடி மணல் பலகை, மண்வெட்டி, டயர் காற்று இறக்க கேஜ், ஏற்ற கம்ப்ரஸர்: இவை போதும். கயிற்றைக் கம்பெனி கொடுத்த இழுவைக் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். டோ பாரின் உருண்டைத் தலையில் மாட்டினால் அது உடைந்து தோட்டா மாதிரி பறக்கும், ஆளைக் கொல்லும்.

டயருக்கு என் யோசனை: அதே 255/65 ஆர்18 அளவில் ஏ.டி. (ஆல் டெரெய்ன், ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான) வகை. சேற்றில் 18–20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால், பெரிய டயரால் கிடைப்பதில் பாதிக்கு மேல் இதிலேயே கிடைக்கும். ரோட்டுக்கு வரும் முன் ஏற்றிவிட வேண்டும்.

பழையஜீப்:
இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. ஹரியானா மண்டி டப்வாலி பக்கம் கட்டி வரும் ஜீப்பை வாங்கும் முன், ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு வீல்பேஸை (முன், பின் ஆக்சிலுக்கு இடையிலான தூரம்) டேப்பால் அளந்து பாருங்கள். சேஸிஸை வெட்டிச் சுருக்கியிருந்தால் அங்கேயே தெரியும். இன்ஜின் நம்பர், எரிபொருள், இருக்கை எண்ணிக்கை மூன்றும் ஒத்துப்போக வேண்டும். 15 வருடம் தாண்டி ஆர்.சி. புதுப்பிக்கும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் சேஸிஸ் நம்பரைப் பென்சிலில் நகல் எடுப்பார். வெல்டிங் தடம் இருந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும். வெளி மாநில வண்டிக்குப் படிவம் 28ல் தடையில்லாச் சான்று கைக்கு வரும் வரை முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

காட்டுத்தடம்:
சரிங்க. அதே அளவில் ஏ.டி. டயர் நான்கு, கம்ப்ரஸர், கயிறு. பம்பரும் லிஃப்ட்டும் வேண்டாம் என்று கடையில் சொல்லிவிடுகிறேன்.

டார்க்ரென்ச்:
நான்கு இல்லை, ஐந்து வாங்குங்கள். ஸ்டெப்னி பழைய டயராக இருந்தால் பஞ்சர் ஆகிற அன்று ஒரே ஆக்சிலில் இரண்டு விட்டம் வரும். அந்த நிலையில் காய்ந்த கெட்டி ரோட்டில் 4 ஹைச் (நான்கு சக்கர இயக்கம்) போட்டு ஓட்டினால், முன் பின் ஆக்சிலுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். ஐந்தையும் 8000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சுழற்றிப் போடுங்கள்.