புதுப்பிப்பு: அஸ்டெக்காவில் கோலே விழாத அந்த ஆட்டம்

1969 ஜூன் 1 அன்று மெக்சிகோ நகரின் அஸ்டெக்கா கால்பந்து மைதானத்தில் மெக்சிகோவும் இங்கிலாந்தும் 0-0 என முடித்த நட்பு ஆட்டத்தைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். "கோலே இல்லாத ஆட்டத்தில் என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

பழைய கணக்கைப் பாருங்கள். 1961இல் லண்டனின் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்திடம் மெக்சிகோ வாங்கியது 8-0. 1966 உலகக் கோப்பையில், அதே மைதானத்தில் 2-0. அப்படிப்பட்ட அணி இப்போது உலக சாம்பியனான இங்கிலாந்தை ஒரு கோல்கூடப் போடவிடவில்லை. எனக்கு அந்த 0-0 வெற்றிக்குச் சமம்.

அடுத்தது காற்று. அந்த நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாலு முறை வேகமாக ஓடினாலே மூச்சு வாங்கும். பந்தும் காற்றில் வழக்கத்தைவிட வேகமாகப் பறக்கும். 1970 உலகக் கோப்பை மெக்சிகோ நாட்டில்தான். சாம்பியன் என்பதால் இங்கிலாந்துக்கும், நடத்தும் நாடு என்பதால் மெக்சிகோவுக்கும் தகுதிச் சுற்று கிடையாது. ஆக, இரண்டு பேருக்கும் இந்த மாதிரி ஆட்டங்கள்தான் நிஜமான பயிற்சி.

அப்புறம், முதல் பதிவில் விட்டுப்போன ஒன்று. அணி தங்கிய விடுதிக்கு வெளியே விடியற்காலை ஐந்து மணிவரை வாத்தியக் குழு வாசித்தது என்று இங்கிலாந்துப் பயிற்சியாளர் ஆல்ஃப் ராம்ஸி செய்தியாளர்களிடம் குறைப்பட்டுக்கொண்டார். உள்ளூர்க்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. மறு வருஷம் இங்கிலாந்து அங்கே திரும்பி வந்தபோதும் அந்தக் கசப்பு போகவில்லை.