மலைச்சரிவுக்கு நிலத்தோற்றக் கட்டடக்கலை: விவசாயப் பட்டத்தோடு முதுமாணி படிக்கலாமா?

தேயிலைச்சாரல்:

வணக்கம். கையில் இருப்பது விவசாய விஞ்ஞானத்தில் நாலு வருஷ இளமாணி. நிலத்தோற்றக் கட்டடக்கலையில் (கட்டடத்தைச் சுற்றியுள்ள நிலத்தையும் தண்ணி போற வழியையும் வடிவமைக்கிற துறை), காலநிலை மாற்றத்தை மையமாக வைத்து முதுமாணி செய்ய விருப்பம். ஆய்வுக்கு நினைத்திருப்பது ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் 7 பேர்ச் காணியில் எழும்புகிற புதுக்குடியிருப்புகள். கனமழைத் தண்ணியைச் சமாளிக்க வீட்டுக்கு ஒரு மழைத்தோட்டம் (மழைத்தண்ணியைத் தேக்கி மண்ணுக்குள் இறக்குற செடிப்பள்ளம்), ஒரு உறிஞ்சுகுழி (தண்ணியை நிலத்துக்குள் விடுற குழி), மண் பிடிக்க வெட்டிவேர் வரிசை என்று வரைவு எழுதியாச்சு. கட்டடக்கலைப் பட்டம் இல்லாதவங்களை எங்கே எடுப்பாங்க? வேலைத்தொகுப்பில் (விண்ணப்பத்தோடு அனுப்புற வரைபடங்களில்) என்ன காட்டுறது? வரைவில் ஓட்டை இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்க.

கான்வெட்டு:

ஓட்டையில் இருந்தே தொடங்குறேன். மழைத்தோட்டமும் உறிஞ்சுகுழியும் தட்டையான நகரங்களுக்கு வந்த யோசனைகள். அங்கே தெருவில் வெள்ளம் நிற்கும், அதனால் தண்ணியை மண்ணுக்குள் இறக்கப் படிப்பிப்பாங்க. சரிவில் அதே வேலை ஆளை விழுத்தும். உள்ளே இறங்குற தண்ணி மண் துளைகளில் அழுத்தத்தைக் கூட்டும், மண்ணை மண் பிடித்து நிற்கிற உராய்வு குறையும், பிறகு மொத்தமாகக் கிளம்பும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. 550 சதுர அடி வீட்டின் கூரை ஏறத்தாழ 51 சதுர மீற்றர். 100 மி.மீ. மழைக்கு அதில் இருந்து 5,100 லீற்றர். ஒரு வரிசையில் இருபது வீடு என்றால் ஒரு லட்சம் லீற்றருக்கு மேல். அதை இருபது குழிக்குள் விட்டால் அது போய் நிற்கிற இடம் பணிய வரிசை வீடுகளின் பின்னால் வெட்டி விட்ட மண்சுவர். மலசலகூடக் குழியும் இதே கணக்கில்தான் வரும். மழை இல்லாத நாளிலும் அது ஈரம் ஊட்டிக்கொண்டே இருக்கும், ஆனால் வடிவமைப்பு வரைபடத்தில் அதை யாரும் போடுறதில்லை.

அதனால் கூரைத் தண்ணி பீலி வழியாகத் தாங்கிக்கு, தாங்கி நிரம்பினால் குழாயில் கொங்கிறீற் கானுக்கு (வடிகாலுக்கு), கானில் இருந்து படிப்படியான இறக்கத்தில் இயற்கையான ஓடைக்கு. கான் முடிகிற இடத்தில் கல் அடுக்கி வேகத்தைக் கொல்லணும். கானைச் சரிவின் நடுவிலேயே முடித்து விடுவதுதான் அடிக்கடி நடக்கிற பிழை, அந்த வாயிலில் இருந்தே மண் அரிக்கத் தொடங்கும்.

தேயிலை மலையில் 120க்கு 1 வாட்டத்தில் (120 அடி நீளத்துக்கு 1 அடி இறக்கம்) வெட்டுகிற தடுப்புக் கானை அப்படியே கொண்டு வராதீங்க. மண்ணையும் தண்ணியையும் தேக்கி வைக்கத்தான் அதில் தடுப்பு விடுறாங்க. தேயிலைக்கு நல்லது, வீட்டுக்குப் பின்னால் வெட்டிய சுவரின் மேல்விளிம்பில் கெட்டது. அந்த இடத்தில் தரை பூசிய கான்தான், அதில் வெடிப்பு வந்தால் உடனே அடைக்கணும். வெடித்த கான் உறிஞ்சுகுழி மாதிரித்தான் வேலை செய்யும்.

வெட்டிவேர் மேல்மண் ஒன்றிரண்டு மீற்றரைப் பிடிக்கும். 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில், சமவுயரக் கோட்டை (ஒரே உயரத்தில் போற கோட்டை) ஒட்டி, இடைவெளி விடாமல் நட்டால் மட்டும். நிழல் ஆகாது, மரத்தடியில் நட்டால் மெலிந்து போகும். 2014 ஒக்டோபர் 29 கொஸ்லந்தை மீரியபெத்தையில் இறங்கியது போன்ற ஆழமான மண்சரிவுக்கு எந்தப் புல்லும் பதில் இல்லை. வரைவில் அப்படி ஒரு வரி இருந்தால் எடுத்து விடுங்க, மண் பொறியியல் தெரிஞ்ச பரிசோதகர் முதல் கேள்வியே அதில்தான் கேட்பார்.

பதுளைப்பக்கம்:

கான்வெட்டு சொன்னதோடு மழை அளவையும் சேர்த்து யோசிங்க. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. தாண்டினால் முதல் நிலை, 100 இரண்டாம் நிலை, 150 தாண்டினாலோ ஒரு மணித்தியாலத்தில் 75 தாண்டினாலோ வெளியேறணும். இந்த எண்களை வடிவமைப்புக்குள் கொண்டு வாங்க. வீட்டு வரிசைக்கு மேலே 2 ஹெக்டெயர் தேயிலை, வழிந்தோடும் குணகம் (மழையில் மண்ணுக்குள் இறங்காமல் ஓடுற பங்கு) 0.5, மணிக்கு 75 மி.மீ. என்று வைத்தால் (360ஆல் பிரிப்பது அலகை மாற்ற): 0.5 × 75 × 2 ÷ 360 = செக்கனுக்கு 0.208 கன மீற்றர், அதாவது 208 லீற்றர். அது அத்தனையும் வீட்டை அடைய முன்னம் திருப்பிவிட வேண்டிய தண்ணி. தேயிலையைப் பிடுங்கி வெறும் மண்ணாக விட்டால் குணகம் ஏறும், கானின் அகலமும் ஏறணும்.

அந்த அளவைத் தாண்டினால் ஆட்கள் எந்த வழியால் போவாங்க என்பதும் நிலத்தோற்ற வேலைதான். வெளியேறும் பாதை கானைக் குறுக்கறுக்கக் கூடாது, பள்ளத்தால் இறங்கக் கூடாது, மேட்டு முதுகால் போகணும். எனக்குக் கேட்டால் உங்க ஆய்வின் உயிர் இந்தப் பாதையில்தான் இருக்கு, மழைத்தோட்டத்தில் இல்லை.

காலநிலைத் தரவில் ஒரு பொறி. உலகக் காலநிலையைக் கணினியில் கணிக்கிற மாதிரிகளின் கட்டம் பொதுவாக 100 கி.மீ. அளவில் இருக்கும். அதற்குள் ஹட்டனும் பதுளையும் ஒரே பெட்டி. ஆனால் வட்டவளை, கினிகத்தேனை பக்கம் தென்மேல் பருவக்காற்றில் நனையும், ஊவாப் பக்கம் வடகீழ்ப் பருவக்காற்றில். 25 கி.மீ.க்குச் சுருக்கிய தரவு கிடைக்கும், அதுவும் மலை முகட்டைச் சரியாகப் பார்க்காது. பருவச் சராசரி கூடுது, குறையுது என்று பக்கம் நிரப்புறதை விட, பக்கத்து மழைமானியின் நாளாந்தப் பதிவை வளிமண்டலவியல் திணைக்களத்திடம் வாங்கி, வருஷத்தின் உச்ச 24 மணி மழையை வரிசைப்படுத்துங்க. ஒரு பாகை செல்சியஸ் சூடானால் காற்று ஏறத்தாழ 7% கூடுதலாக நீராவி பிடிக்கும். அதை வைத்து அந்த உச்ச மழையை 7%, 14%, 20% கூட்டி கான் தாங்குதா என்று சோதிப்பது நேர்மையான முறை. தோட்டத்து மழைப்பதிவு கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் ஞாயிறு, போயா நாட்களில் அளக்காமல் அடுத்த நாள் சேர்த்து எழுதியிருக்காங்களா என்று பாருங்க. 100 மி.மீ. ஒரு நாள் மழையா, இரண்டு நாள் மழையா என்பதில்தான் முடிவே மாறும்.

அளவுச்சங்கிலி:

வரைபடம் பற்றி. 1:10,000 மண்சரிவு அபாய வரைபடத்தில் 1 மி.மீ. என்பது தரையில் 10 மீற்றர். 7 பேர்ச் என்பது 177 சதுர மீற்றர், பக்கம் 13 மீற்றர் வரும், வரைபடத்தில் 1.3 மி.மீ. அதை வைத்து “இந்தக் காணி பாதுகாப்பு” என்று சொல்ல முடியாது. குடியிருப்பு முழுவதுக்கும் திசை காட்டத்தான் அது உதவும்.

ஆள்கூற்றில் (இடத்தைக் குறிக்கிற எண்களில்) கவனம். இலங்கை வரைபடங்களுக்கு இரண்டு ஆள்கூற்றுக் கட்டம் இருக்கு: பழைய கண்டவளை கட்டத்தின் தொடக்க எண்கள் 200,000, புதிய எஸ்எல்டி99 கட்டத்தில் 500,000. கியூஜிஐஎஸ் என்கிற வரைபட மென்பொருளில் முதலாவதின் குறியீடு ஈபிஎஸ்ஜி 5234, இரண்டாவது 5235. மாற்றிக் கொடுத்தால் தோட்டம் கிழக்கு-மேற்கிலும் வடக்கு-தெற்கிலும் 300 கி.மீ. தள்ளிக் கடலுக்குள் போயிடும். அந்தப் பிழை கண்ணில் படும். கண்ணில் படாதது சரிவின் அலகு: 60 வீதம் என்பது 60 பாகை இல்லை, 31 பாகை. மண் பாதுகாப்பு விதிகள் வீதத்தில் பேசும், பொறியியலாளர்கள் பாகையில் பேசுவாங்க.

வேலைத்தொகுப்புக்கு ஒரே ஒரு குறுக்குவெட்டு (மலையைக் கத்தியால் வெட்டிப் பக்கத்தில் இருந்து பார்க்கிற மாதிரி வரைபடம்) நல்லா வரைந்தால் பாதி வேலை முடிஞ்சது. மேல் றோட்டில் இருந்து பணிய ஓடை வரை ஒரு நேர்கோடு. 10 மீற்றர் தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணி நிரப்பி, இரண்டு தடியில் அளவுநாடா கட்டி, இரண்டிரண்டு மீற்றராக உயரம் எடுங்க. குழாய்க்குள் காற்றுக்குமிழி இருந்தால் அளவு பொய்க்கும், ஒவ்வொரு தடவையும் குழாய் முழுக்கப் பாருங்க. 1:200இல் வரையும்போது கிடையும் குத்தும் ஒரே அளவு. சரிவை அழகுக்காக இரண்டு மடங்கு நிமிர்த்தி வரைகிறவங்க நிறைய. அதிலேயே கான், கூரை, குழி, வேலி, பாதை எல்லாம் போடுங்க. கணினியில் பளபளவென்று செய்த படங்களை விட, கையால் வரைந்த இரண்டு குறுக்குவெட்டும், எடுத்த முடிவுக்குக் காரணம் எழுதிய ஒரு பக்கமும் விவசாயப் பட்டதாரிக்குப் பலம்.

தேயிலைச்சாரல்:

உறிஞ்சுகுழியை எடுத்தாச்சு. வெளியேறும் பாதையை முன்னுக்குக் கொண்டு வர்றேன். எங்கே படிக்கிறது என்பதுதான் பாக்கி.

கான்வெட்டு:

உள்நாட்டில் இந்தத் துறைக்கு மொரட்டுவைப் பல்கலைக்கழகக் கட்டடக்கலைப் பீடம்தான் முதல் கதவு. உள்வாங்கும் தகைமை மாறுவதால் அந்த வருஷ அறிவித்தலைப் பாருங்க. இந்தியாவில் அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம், டில்லி எஸ்பிஏ (திட்டமிடல், கட்டடக்கலைக் கல்லூரி), அண்ணா பல்கலைக்கழகம் எல்லாம் உண்டு, ஆனால் அங்கே பெரும்பாலும் பி.ஆர்க். (கட்டடக்கலை இளமாணி) கேட்பாங்க. இந்திய அரசின் புலமைப்பரிசில் விசாரிக்க கொழும்பு வரை போகத் தேவையில்லை, கண்டியிலேயே உதவி உயர்ஸ்தானிகராலயம் இருக்கு.

வேறு துறையில் இருந்து வர்றவங்களுக்குத் தோதானது அமெரிக்காவின் மூணு வருஷ எம்எல்ஏ (நிலத்தோற்றக் கட்டடக்கலை முதுமாணி). கட்டடக்கலைப் பட்டம் இருப்பவங்க அதையே இரண்டு வருஷத்தில் முடிப்பாங்க. பிரித்தானியாவிலும் துறை மாறி வர்றவங்களுக்கான படிப்பு இருக்கு, பெரும்பாலும் இரண்டு வருஷம். ஆனால் பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் ஒரு வருஷ முதுமாணிக்குத்தான் காசு கொடுக்கும், 2,800 மணித்தியால வேலை அனுபவமும் கேட்கும். இரண்டையும் ஒன்றாக விண்ணப்பித்துக் கடைசியில் மாட்டிக்கிறவங்க உண்டு. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகம் விவசாயத்துக்குப் பேர்போன இடம், இரண்டு வருஷம், ஆனால் விவசாயப் பட்டம் என்பதால் கதவு தானாகத் திறக்காது, வடிவமைப்புப் பின்னணி பார்ப்பாங்க.

பெயரில் ‘காலநிலை’ இருக்கா என்று பார்க்காதீங்க. மண் சமன்படுத்தலும் நீரியலும் கட்டாயப் பாடமா, கடைசி மூணு வருஷ ஆய்வுத் தலைப்புகளில் செங்குத்தான நிலம் ஒன்றாவது வந்திருக்கா, மேற்பார்வையாளர் யாராவது சரிவில் வேலை செய்தவரா, இதை மூணையும் மின்னஞ்சலில் கேளுங்க. அவங்களுக்கு உங்க குறுக்குவெட்டையும் இணைத்து அனுப்புங்க.