பவுடர் ப்ளூ டேங் மீன் மேல வெள்ளைப் புள்ளி: உதிர்ந்து போச்சு, அஞ்சு நாள்ல ரெட்டிப்பா வந்திருக்கு

வேளச்சேரி_ரீஃப்
4 அடி கடல் மீன் டேங்க், சம்ப்போட (கீழ இருக்கிற ஃபில்டர் தொட்டி) சேர்த்து 300 லிட்டர். உப்பு அடர்த்தி 1.025, வெப்பம் 29. லைவ் ராக் (பாக்டீரியா குடியிருக்கிற பாறை), ரெண்டு க்ளவுன் மீன், ஒரு ஃபயர்ஃபிஷ், க்ளீனர் ஷ்ரிம்ப், கொஞ்சம் ஜோயா (பவள வகை). 12 நாள் முன்னாடி பவுடர் ப்ளூ டேங் மீன் விட்டேன், குவாரன்டைன் பண்ணல. அஞ்சாம் நாள் துடுப்புல பத்துப் பதினஞ்சு புள்ளி. ரெண்டு நாள்ல எல்லாம் காணோம். இன்னிக்கு உடம்பு பூரா இருக்கு, க்ளவுன்லயும் ரெண்டு. சாப்பிடுது, ஆனா பாறையில உரசுது. கடையில மெத்திலீன் ப்ளூ ஊத்தி, ஹீட்டரை 32-க்கு ஏத்தச் சொல்றாங்க. இது எந்த ஒட்டுண்ணி, இக்கா, வெல்வெட்டா? டேங்கிலேயே மருந்து விடலாமா?

உவர்நீர்
முதல்ல ஹீட்டரைத் தொடாதீங்க. 25 டிகிரியில கடல் தண்ணி லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிச்சு வைக்கும், 32-ல சுமார் 6 தான். செவுள் புண்ணான மீனுக்கு அந்த வித்தியாசமே உயிர். சூடு ஏறினா ஒட்டுண்ணியோட சுழற்சியும் வேகமாகும், சாகாது. மெத்திலீன் ப்ளூ பாறையில இருக்கிற நல்ல பாக்டீரியாவைக் கொல்லும், கூடவே சிலிக்கானை நீலமாக்கும். அவ்வளவுதான்.

இக்கா வெல்வெட்டான்னு பார்க்க விளக்கை அணைச்சுட்டு டார்ச்சைப் பக்கவாட்டுல சாய்ச்சு அடிங்க. ரவையைத் தூவின மாதிரி தனித்தனியா, எண்ணிப் பார்க்கக்கூடிய புள்ளின்னா இக், அதாவது கிரிப்டோகாரியான். கோலமாவு படிஞ்ச மாதிரி தோல் மேல மங்கலான படலம்னா வெல்வெட், அமிலூடினியம். அடுத்தது மூச்சு. மீன் சும்மா நிக்கும்போது செவுள்மூடி நிமிஷத்துக்கு எத்தனை தடவை அசையுதுன்னு எண்ணுங்க. 120-ஐத் தாண்டினா, கூடவே வேவ்மேக்கர் (அலை பம்ப்) ஓட்டத்துக்கு முன்னாடி போய் நின்னா, வெளிச்சத்துக்குப் பயந்து ஒதுங்கினா, புள்ளியே தெரியலைன்னாலும் வெல்வெட்னு வெச்சு வேலையைத் தொடங்குங்க. அது ரெண்டு மூணு நாள்ல டேங்கையே காலி பண்ணிடும்.

நீங்க சொல்ற கணக்கு இக்கோட கணக்கு. புள்ளி உதிர்றது குணமாகறது இல்ல. மீன் மேல 3–7 நாள் தின்னு கொழுத்து, கீழ விழுந்து, மணல்லயும் பாறையிலயும் கூடு கட்டிக்கும். ஒரு கூட்டுக்குள்ள நூத்துக்கணக்குல குஞ்சு. அதுங்க பெரும்பாலும் விடியறதுக்கு முன்னாடி இருட்டுல வெளிய வந்து, மீன் தூங்குற இடத்துலயே பிடிச்சுக்கும். அதான் ரெட்டிப்பு.

செம்புக்கணக்கு
டேங்கிலேயே மருந்து கூடவே கூடாது. இதுக்கு மருந்து செம்பு, அது ஷ்ரிம்ப்பையும் ஜோயாவையும் கொல்லும். லைவ் ராக் அதை உறிஞ்சி வெச்சு அளவைக் குழப்பும். நாலு மீனையும் பிடிச்சு வெளிய எடுங்க. புள்ளி இல்லாத ஃபயர்ஃபிஷ்ஷும் சேர்த்துத்தான், அதோட செவுள்ல என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது.

மருந்துக்குத் தனியா 100 லிட்டர் தொட்டி, மணல் பாறை எதுவும் வேண்டாம், ஒளிஞ்சுக்க பிவிசி எல்போ போதும். ஸ்பாஞ்ச் ஃபில்டரை சம்ப்புல ஊறவெச்சுப் பழக்கியிருந்தா நல்லது. கார்பன், யூவி விளக்கு ரெண்டும் கிடையாது. கட்டுண்ட செம்பு (வேற சேர்மத்தோட பிணைச்சது) மருந்துன்னா முதல் நாள் 1.5, ரெண்டு நாள்ல 2.25 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), அங்கிருந்து 30 நாள். நடுவுல ஒரு நாள் 2.0-க்குக் கீழ இறங்கினா எண்ணிக்கை மறுபடி ஒண்ணுல இருந்து. தண்ணி மாத்தும்போது புதுத் தண்ணியிலயும் அதே அளவு கலந்துட்டுத்தான் ஊத்தணும். இங்கதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடறாங்க.

மருந்து கிடைக்கலைன்னு மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) எடுக்கறவங்க இருக்காங்க. வயலுக்கு விக்கிறதை எடுக்காதீங்க, லேப் தரம் வாங்குங்க. 4 கிராமை 1 லிட்டர் ஆர்ஓ தண்ணியில கரைச்சா ஒரு மில்லியில சுமார் 1 மில்லிகிராம் செம்பு. 100 லிட்டருக்கு 20 மில்லி ஊத்தினா 0.2 பிபிஎம், அதுவும் ரெண்டு மூணு தவணையா. இது கட்டுப்படாத செம்பு, 0.15-க்கும் 0.20-க்கும் நடுவுலயே நிக்கணும். கடல் தண்ணியில தானா படிஞ்சு குறையும், அதனால காலை மாலை டெஸ்ட். ரெண்டு வகையோட எண்ணையும் குழப்பிக்கிட்டு மயில்துத்தத்துல 2.0 வெச்சா மீன் அன்னிக்கே போயிடும்.

இன்னொண்ணு: அமோனியாவைக் கட்டற டீகுளோரினேட்டரை (குளோரின் நீக்கற மருந்து) செம்புத் தண்ணியில விடாதீங்க, செம்போட விஷம் கூடிடும். அமோனியா ஏறினா தண்ணியை மாத்துங்க.

அடையாறு_அக்வா
இக் மட்டும்தான்னு உறுதின்னா மருந்தே வேண்டாம், தொட்டி மாத்தற முறை போதும். ரெண்டு 50 லிட்டர் டப். 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மீனை மட்டும் மாத்துங்க, நாலு தடவை. உதிர்ந்தது கூடு வெடிக்கறதுக்குள்ள மீன் அந்தத் தண்ணியில இருக்காது. 72-ஐ முந்தினா தப்பில்ல, தாண்டத்தான் கூடாது. பழைய டப், வலை, காற்றுக்குழாய் எல்லாத்தையும் கழுவி வெயில்ல ஒரு நாள் முழுக்கக் காயப்போடுங்க. நம்ம ஊர் வெயில் அதுக்காவது உதவட்டும்.

செம்புக்கணக்கு
முறை சரி, ஆனா வெல்வெட்டுக்கு அது உதவாது. லென்ஸ்ல பார்க்காம "இக் மட்டும்தான்"னு எப்படி உறுதி? அதனாலதான் செம்பு சொன்னேன், ரெண்டையும் பிடிக்கும். பிடிக்காதது ரெண்டு. க்ளவுன் மேல தோல் உரியற மாதிரி கொழகொழன்னு சளி தொங்கினா அது ப்ரூக்லினெல்லா, அதுக்கு ஃபார்மலின் குளியல். இன்னொண்ணு தட்டைப்புழு. கருப்பு பக்கெட்ல அதே வெப்பத்துல ஆர்ஓ தண்ணி, சமையல் சோடாவால பிஹெச் சமமாக்கி, அரை மணி காத்தடிச்சு, மீனை 5 நிமிஷம் விடுங்க. எள்ளு மாதிரி வெள்ளையா அடியில விழுந்தா புழு. அப்போ ப்ராசிகுவாண்டல், லிட்டருக்கு 2.5 மில்லிகிராம், ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை.

வேளச்சேரி_ரீஃப்
டார்ச் அடிச்சுப் பார்த்தேன், ரவைதான். மூச்சு 90. செம்புக்கே போறேன். ஷ்ரிம்ப், ஜோயாவை டேங்கிலேயே விடலாமா? மீன் இல்லாம எத்தனை நாள் காலியா வைக்கணும்?

உவர்நீர்
விடலாம், அதுங்க மேல இக் தின்னு வளராது. வெப்பம் 27-க்கு மேல இருந்தா 45 நாள் போதும்னு இப்போ சொல்றாங்க, பழைய கணக்கு 76. பவுடர் ப்ளூவுக்குச் சளிப்படலம் மெல்லிசு, முதல்ல மாட்டறது அதுதான், 76-ஏ வைங்க. இந்த நாள்ல புதுசா பவளமோ நத்தையோ மீன் தொட்டியில இருந்து வாங்கிப் போட்டா, ஓட்டுல ஒட்டின கூடு கூட வரும், எண்ணிக்கை அன்னிக்கே பூஜ்யம். செம்புத் தொட்டியை மெயின் டேங்க்ல இருந்து 3 மீட்டராவது தள்ளி வைங்க. வெல்வெட் இருந்தா ஃபேன் காத்துல தெறிக்கிற துளியிலயே பரவும். பாக்டீரியா பட்டினி கிடக்காம, ரெண்டு நாளைக்கு ஒரு சிட்டிகை தீனி ஷ்ரிம்ப்புக்குப் போடுங்க.